ஒருவரையும் நிறுத்தவில்லை

சாத்தூரில் நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில், மெஷின் வந்ததால் ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. முதலாளி அப்படிச் சொன்னார், சொன்னபடி நடந்தும் கொண்டார். யாராவது மெஷினைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிறகு அத்தையைப் பற்றிச் சொல்வேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் ஊர் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. மானாவாரிக் காடு கைவிட்ட பிறகு ஊருக்கு இரண்டே பிழைப்பு. ஒன்று தீப்பெட்டி ஆபீஸ், இன்னொன்று பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசுக் கம்பெனி. பயராபீஸில் சம்பளம் கூட. ஆனால் மாமா அங்கே வெடிமருந்து அறையில் நடந்த விபத்தில் இறந்தவர். அவரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த அன்றே, மகளோடு பட்டினி கிடந்தாலும் அந்தக் கம்பெனி வேனில் ஏற மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அதனால் தீப்பெட்டிக்கு வந்தாள். பெட்டி அடைக்கிற வேலை. ஒரு பிடி குச்சியை அள்ளி, தட்டிச் சேர்த்து, பெட்டிக்குள் தள்ள வேண்டும். சில சமயம் உரசிப் பற்றிக்கொள்ளும். அத்தையின் விரல்களில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. "சுடுறது சுடும்தான். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்ல" என்பாள்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த வருஷம் அதே ஆபீஸில் பெட்டி அடைக்கும் மெஷின் வந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், என்னை எடுத்தார்கள். அதில் ஒரு சென்சார் உண்டு. குச்சி குறைந்த பெட்டியைக் கண்டுபிடித்து, காற்றை ஊதித் தள்ளிவிடும். பெண்கள் அதைக் 'கண்ணு' என்றார்கள். முதல் நாள் எல்லோரும் கை வேலையை வைத்துவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"ஏத்தா, இதுக்குப் பசிக்காதா?"

"பசிக்காது, கை சுடாது, பேறுகாலத்துக்கு ஆத்தா வீட்டுக்கும் போகாது."

"அப்ப எங்க மாமியாளுக்கு இதையே மருமகளாக் கட்டி வையிங்க. எதுத்துப் பேசாதுல்ல!"

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆட்களை வைத்து வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம், "எங்கள என்ன செய்வீக அண்ணாச்சி?" என்று நேராகக் கேட்டாள்.

"முதலாளி சொல்லிட்டாக. ஒருத்தரையும் நிறுத்த மாட்டாக. தானா நிக்கிறவுக எடத்துக்குப் புதுசா ஆள் எடுக்க மாட்டாக, அம்புட்டுத்தான்."

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது, எனக்கும். கடைசியில் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டி அடைத்தவர்களை மெஷினுக்குக் குச்சி அடுக்கிக் கொடுக்க உட்கார வைத்தார்கள்.

பெண்கள் வேலையிலிருந்து நின்றுகொள்ளக் காரணங்கள் எப்போதும் உண்டு. கல்யாணம், பேறுகாலம், இடுப்பு வலி, மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டுக்கொள்வது. முன்பெல்லாம் ஒருத்தி நின்றால் அடுத்த வாரமே அவள் தங்கையோ நாத்தனாரோ அங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது யாரும் வரவில்லை. ஆபீஸுக்குள் அது தெரியவில்லை, வேனில்தான் தெரிந்தது.

விடியுமுன் எங்கள் ஊர் மந்தையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஓரளவு லோடு சேர்ந்தால்தான் ஓர் ஊருக்கு வேன் அனுப்பக் கட்டுபடியாகும். எங்கள் ஊர் லோடு பாதியாகி, பிறகு அதுவும் குறைந்தது. இப்படியே போனால் வேனை நிறுத்திவிடுவார்கள் என்று டிரைவர் சொன்னதும் அத்தை ஒரு காரியம் செய்தாள். சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவள், கண்ணாஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர், ஆட்டுக்குட்டியோடு மகள் வீட்டுக்குப் புறப்பட்டவள் என்று சாத்தூர்ப் பக்கம் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வேனை நிரப்பினாள். நிறைந்து வருகிற வேனை எதற்கு நிறுத்தப்போகிறார்கள் என்பது அவள் யோசனை. டிரைவரும் கண்டுகொள்ளவில்லை.

கொஞ்ச நாள் ஓடியது. ஒரு காலையில் கணக்கப்பிள்ளை கேட்டிலேயே நின்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, வேன் பிதுங்கப் பிதுங்க வருது, உள்ள வாறது அஞ்சாறு பேரு. மிச்சப் பேரு எங்கலே?"

வேனுக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி கத்தியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். அந்த மாதம் முடிந்ததும் எங்கள் ஊருக்கு வேன் வரவில்லை.

என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் பஸ்ஸில் வரட்டும், கொஞ்சம் தாமதமாக உள்ளே விடுங்கள் என்று கேட்டேன். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு நடுவில் ஆள் வந்து உட்கார முடியாது என்றார்கள். அது உண்மைதான், எனக்கே தெரியும். பக்கத்து ஊர் வேனை எங்கள் ஊர் வழியாகச் சுற்றிவிடக் கேட்டேன். டீசல் யார் போடுவது என்றார்கள். கடைசியாக, சாத்தூரில் நான் தங்கியிருந்த அறைக்கே மகளோடு வந்துவிடும்படி அத்தையிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஒனக்கும் கல்யாணமாகும் மருமகளே. அப்ப நானும் எம்மகளும் எங்கன போயி நிக்க?"

அத்தையின் வேலையை யாரும் பறிக்கவில்லை. அது அங்கேயேதான் இருந்தது. போய்ச்சேர மட்டும் வழியில்லை.

பயராபீஸ் வேன் எங்கள் ஊருக்கு ஒரு நாளும் தவறவில்லை. தீபாவளி ஆர்டர் சூடு பிடித்த சீசன், அவர்களுக்கு எத்தனை ஆள் இருந்தாலும் போதாது. நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒங்கம்மாட்ட பழைய நூல்சேல இருந்தா ஒன்னு எடு. அங்கன நைலக்ஸ் சேல கட்டிட்டு வரக் கூடாதாம், உரசுனா பொறி பறக்குமாம்."

எடுத்துக் கொடுத்தேன். கட்டிப் பார்த்தாள். ஊக்கையும் கொண்டை ஊசியையும் கழற்றி ஜன்னலில் வைத்தாள், இரும்பு ஆகாது என்பதற்காக. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கதவுப் பக்கமே உட்காருங்க. காலை இழுத்து நடக்காதீங்க. ரூமுக்குள்ள ஆள் கூடினா எந்திரிச்சு வெளிய வந்துருங்க. வெயில் ஏறினபிறகு மருந்தைத் தொடாதீங்க.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "அம்புட்டும் தெரியும்த்தா. ஒங்க மாமாவும் இதெல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சாக" என்றாள். குரலில் கோபமே இல்லை. மறுநாள் அந்த வேனில் ஏறினாள்.

இன்னும் அங்கேதான் போகிறாள். எங்கள் மெஷின் நன்றாக ஓடுகிறது. ஆபீஸில் கை சுட்டுக்கொள்வது அநேகமாக நின்றுவிட்டது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வேலைக்கு நடுவில் தொலைவில் தொம்மென்று ஏதாவது கேட்டால் மட்டும் நான் மெஷினை நிறுத்துகிறேன். அது ஓடும்போது சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. பெரும்பாலும் கல்குவாரி வெடியாகத்தான் இருக்கிறது.