ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒரே எண்

செல்வராணி அக்கா இறந்த செய்தி, ஓர் ஓடிபி கேட்கப் போய்த்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நடத்தும் இ-சேவை மையத்தில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். வன்னியம்பட்டிப் பக்கம், அக்காவின் ஊர்க்காரர். நின்றுபோன விதவை பென்ஷனைத் திரும்ப வாங்க வந்திருந்தார். விண்ணப்பத்தில் இருந்தது அக்காவின் எண். அழைத்தேன். அவர் கணவர் எடுத்தார். "அவ காலையில போயிட்டாம்மா. நெஞ்சுவலி" என்றார். அவரே, "இப்பத்தான் ஏதோ ஆறு நம்பர் வந்துச்சு. வேணுமா?" என்று கேட்டார். பிணம் கிடக்கும் வீட்டில் ஒரு மனிதர் ஓடிபி வாசித்தார், நான் அதைத் தட்டினேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இப்போது எல்லோரும் அக்காவைத் "தங்கமான மனுசி" என்கிறீர்கள். அவரைப் புரோக்கர் என்று சொன்ன வாய்களும் இதில் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்காவும் நானும் இ-சேவை மையம் நடத்த ஒன்றாகப் பயிற்சிக்குப் போனவர்கள். விண்ணப்பதாரரின் சொந்த எண்ணைத்தான் பதிய வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்தவர். அக்கா எழுந்து, "நம்பர் இல்லாதவுக என்ன செய்ய சார்?" என்று கேட்டார். "இந்தக் காலத்துல போன் இல்லாத வீடு ஏதும்மா?" என்று அவர் சிரித்தார். "வீட்டுல இருக்கு சார். ஆம்பளை சட்டைப்பையில இருக்கு" என்றார் அக்கா. பேச்சியம்மாள் வீட்டிலும் அதே கதைதான். பென்ஷன் வந்த செய்தி மகன் போனுக்குப் போகும், பணம் அவன் குடிக்குப் போகும்.

அதனால்தான் காலனிப் பெண்கள் அத்தனை பேருக்கும் அக்கா தன் எண்ணையே போட்டார். அவர் மையம் மேலத்தெருவில், நிலபுலன் உள்ள ஒருவரின் கட்டடத்தில் இருந்தது. காலனிப் பெண்கள் படியேறாமல் ரோட்டிலேயே நிற்பார்கள். ஏறினால் கட்டடக்காரர் முறைப்பார். அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காலனிச் சமுதாயக்கூடத்துக்குப் போய்விடுவார். "அவியள ஏற விட மாட்டேங்காக. நான் எறங்குனா எனக்கு என்ன கொறஞ்சா போகுது?" என்பார். எந்தத் தெருவில் மையம் வைத்தால் யார் வர முடியாமல் போகும் என்று, அனுமதி கொடுத்த எவருக்கும் தோன்றவில்லை. இதற்குப் பெயர் எல்லோருக்கும் சேவையாம்.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, "ஒரே நம்பர் இத்தனை பேருக்கா?" என்று கேட்டார். விளக்கம் கேட்கப் பொறுமையில்லை. மோசடி என்று எழுதி, அக்கா மையம் நடத்தும் ஐடியையே முடக்கினார். அப்படியே என் மையத்துக்கும் வந்து, "அந்தம்மா எப்படி?" என்று விசாரித்தார். எனக்கு எல்லாமே தெரியும். "எனக்குத் தெரியாது சார்" என்றேன். என் ஐடியும் போய்விடுமோ என்ற பயம். அக்கா சாகும்வரை இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அவரே பெண்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு என் மையத்துக்கு வருவார். ராஜபாளையத்து மில் வேலையை முடித்து வருகிறவர்களுக்காக மாலை வரை பெஞ்சில் காத்திருப்பார். "நம்பரையாவது மாத்திருங்கக்கா" என்று ஒருமுறை சிடுசிடுத்தேன். "மாத்த அவளுகளுக்குன்னு ஒரு நம்பர் வேணும்ல ஏட்டி. நீ வாங்கித் தாறியா?" என்றார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் அவர் கணவர் அந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்னம்மா செய்ய? அம்புட்டு மெசேஜ் வருது" என்று கேட்டார். அது நின்றால் ஒரு காலனியே நின்றுவிடும். சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுக்கொண்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். போன வாரம் பேச்சியம்மாளின் பென்ஷன் வந்த செய்தி அதில் வந்தது. பஸ் ஏறிப் போய், மகன் காதில் விழாமல் வயலில் வைத்து அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆய்வுக்கு மறுபடியும் வருவார்கள். இது யார் நம்பர் என்று கேட்பார்கள். என்னுடையது என்று சொல்வேன்.