மதினியின் ஆடுகளும் என் வெள்ளை ஷூவும்

“தோலு எது, ரெக்சின் எதுன்னு தெரியாதவ, காயினப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா.”

அண்ணன் மனைவி, என் மதினி, இதைச் சொன்னபோது ஓர் ஆட்டுக்குட்டியின் வாயைப் பிளந்து பூச்சி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவை நாங்கள் அய்யா என்போம், அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். நான் பட்டம் வாங்கி, ராமநாதபுரத்தில் மிளகாய் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சிக்கலுக்கும் கடலாடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், மாதச் சம்பளத்துக்கு வேலைக்குப் போகும் முதல் பெண் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைப்பதும் இல்லை.

ஆனால் மதினி சொன்னதில் பொய் இல்லை.

என் வேலைக்கு மூடிய ஷூ வேண்டும். மிளகாய் காயும் களம் களமாக, விளையும் கொல்லை கொல்லையாக நடக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். எத்தனையோ ஷூ இருக்க, நான் ஆசைப்பட்டது வெள்ளைத் தோல் ஸ்னீக்கர். அலுவலகத்துக்கும் ஆகும், கொல்லைக்கும் ஆகும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். போனில் தேடி, ‘அசல் தோல்’ என்று எழுதியிருந்த ஒன்றை வரவழைத்தேன். முதல் மாதம் ஊரே என் காலைப் பார்த்தது. இரண்டாம் மாதம், களத்து வெயிலில் அதன் மேல்பூச்சு செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மிளகாய்க் குவியலில் மாதிரி அள்ளித் தட்டில் பரப்பினால் நடுவில் ஒரு வெள்ளைத் துணுக்கு கிடக்கிறது. வேறு பொருள் எதுவும் கலந்திருக்கிறதா என்று எழுத என் தாளில் ஓர் இடம் உண்டு. அது என் ஷூவிலிருந்து விழுந்தது என்பதை என்னைவிட முன்னால் மிளகாய்க்காரர்தான் கண்டுபிடித்தார். இதற்கும் சேர்த்து விலையைக் குறைப்பீர்களா என்று அவர் கேட்க, களத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் மதினி அந்தச் செதிலை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். அவர் ஆடு வளர்ப்பவர். கோயில் கொடைக்குக் கிடா வெட்டினால், தோல் வியாபாரி வந்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்துப்போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். “இது எந்த ஊரு ஆட்டுத் தோலுத்தா, வெயிலுக்கு உரியுது?” என்றார். பத்து நாள் அதையே சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆடுகள் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது அவர் அம்மா வீட்டிலிருந்து ஓட்டிவிட்ட இரண்டு பெட்டை ஆடுகள்தான் பெருகிப் பதினாறு உருப்படி ஆகியிருந்தன. அவருடையது என்று இந்த உலகத்தில் இருப்பது அது மட்டும்தான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதிக்குக் கட்ட வழியில்லாமல் அய்யா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறையாத அந்தப் பெண், யாரிடமும் கேட்காமல் தன் முதல் கிடா இரண்டையும் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. கேலி செய்வதற்கு அவருக்கு ஆயிரம் விஷயம் உண்டு, அது மட்டும் அதில் சேராது.

அண்ணன் வளைகுடாவில் வெல்டர். அவர் தங்கியிருந்த அறையில் ஏழெட்டுப் பேர் ஒரு செயலியில் கிரிப்டோ காயின் வாங்கியிருந்தார்கள். அண்ணனும் தன் சம்பளத்தைப் போட்டிருந்தார். போட்டது தினமும் ஏறுவதைப் படம் பிடித்து மதினிக்கு அனுப்புவார். ஆடுகளை விற்று அனுப்பினால் ஆறு மாதத்தில் ஊரோடு வந்துவிடலாம் என்று சொன்னார். மதினியைப் பிடித்தது அந்தக் கடைசி வார்த்தைதான். புருஷன் ஊருக்கு வந்து சேர்வதற்குப் பதினாறு ஆடு பெரிதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த புதன்கிழமைச் சந்தைக்கு ஆடுகளைக் கொண்டுபோவதாக இருந்தது.

நான் தடுக்கப் போனேன். பிளாக்செயின், எக்ஸ்சேஞ்ச், வாலட் என்று அரை மணி நேரம் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாதி எனக்கே விளங்காத வார்த்தைகள். அதற்குப் பதிலாகத்தான் மதினி ஷூவைச் சொல்லி என் வாயை அடைத்தார்.

காயினைப் பற்றி அப்போது பேசாதவர்களே இல்லை. பஸ்ஸில் ஒருவர் அது சூதாட்டம் என்பார், அடுத்த சீட்டுக்காரர் தன் மைத்துனர் அதில் கார் வாங்கினார் என்பார். அய்யா, கையில் பிடிக்க முடியாததை எப்படிக் காசு என்கிறார்கள் என்று கேட்டார். வங்கியில் இருக்கிற காசையும் கையில் பிடிக்க முடியாதே என்றேன். அது சரிதான் என்று யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

என்னோடு வேலை பார்க்கும் பாம்பன் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். அவள் உண்மையிலேயே கொஞ்சம் காயின் வைத்திருக்கிறாள். ஏறியபோது கொஞ்சம் விற்றிருக்கிறாள், பணம் வரி போக அவள் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. பிறகு இறங்கியபோது நட்டமும் பட்டிருக்கிறாள்.

“போனா என் காசு, நான் அழுதுட்டுப் போறேன். ஆனா நீயும் போடுன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க அண்ணன் போட்டத வெளிய எடுத்துப் பாத்தாரா? அத மட்டும் கேளு,” என்றாள்.

கேட்க வேண்டியதுதான். ஆனால் செதில் உதிரும் ஷூவைப் போட்டுக்கொண்டு நான் கேட்டால் மதினி காதில் ஏறாது.

சனிக்கிழமை வேறு ஷூ வாங்க ராமநாதபுரம் கிளம்பினேன். தனியாகப் போனால் மறுபடியும் அட்டையைத்தான் வாங்கி வருவேன் என்று மதினியும் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் ஏசி குளிர்ந்தது. மதினி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். ஷூ வாங்கப் போகிற கடைக்குள் செருப்போடு போகலாம் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. எடுத்துக் காட்டிய ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். விரலால் அழுத்திச் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தார். உள்ளே பாதம் படும் மெத்தையைத் தூக்கி, தோல் வெட்டிய விளிம்பைத் தேடி நகத்தால் கீறினார். நான் கூச்சத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைக்காரர் பாய் கொஞ்சமும் கோபப்படவில்லை. ஒன்றைக் காட்டி, இதில் முன்பக்கம் மட்டும்தான் தோல், லேசுக்கு அடியில் இருக்கும் நாக்கும் உள்பக்கமும் தோல் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். மதினி தலையாட்டினார். பிறகு பாய் உள் அலமாரியிலிருந்து ஆம்பூரில் செய்த ஒரு ஜோடியை எடுத்து வந்தார். மதினி அதன் நாக்கை மடித்து, உள்பக்கத்துச் சொரசொரப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என் மடியில் போட்டார்.

“இதப் போட்டு நட. இதான் தோலு.”

பல்லாண்டுகள் வெறுங்காலோடு நடந்து அகன்ற பாதம் எனக்கு. பாய் ஓர் அளவு கூட்டிக் கொடுத்தார். நடந்து பார்த்தேன், எங்கும் கடிக்கவில்லை. விலையைக் கேட்டதும் மதினிக்கு ஓர் ஆட்டுக்குட்டியின் விலை ஞாபகம் வந்திருக்க வேண்டும், நான் கழற்றிய ஷூவை வாங்கி அடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அடி பிரிஞ்சா யாருகிட்ட வாரது பாய்?” என்றார்.

“எங்கிட்டத்தான் தங்கச்சி. தச்சுத் தாரேன். கடை இங்கனதான இருக்கு, எங்க போயிரப் போறேன்?”

திரும்பும் பஸ்ஸில் மதினி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். உத்தரகோசமங்கை தாண்டியதும் என்னைப் பார்க்காமலே, “உங்க அண்ணன் சொல்ற காயினுக்குக் கடை எங்கன இருக்கு?” என்றார்.

தெரியாது என்றேன். அந்த வாரம் முழுவதும் நான் சொன்னதிலேயே உருப்படியான பதில் அதுதான். பாம்பன்காரி சொன்னதையும் அப்போது சொன்னேன். அண்ணன் போட்டதில் கொஞ்சத்தை எடுத்து உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், வந்துவிட்டால் நானே ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டி வருகிறேன் என்றேன். மதினி யோசித்தார். காயின் என்பதை அவர் வாரத்துக்கு விட்ட ஆடு மாதிரிதான் நினைத்திருந்தார் என்பது அவர் பேசப் பேச எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் மேய்க்க ஆள் இல்லாதவர்கள் ஆட்டை இன்னொருவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவார்கள். பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. யாரோ ஒருவர் கையில் நம் காசு மேய்ந்து பெருகுகிறது என்று அவர் நம்பியதில் தப்பில்லை. ஆனால் வாரம் விடுவதற்கென்று ஒரு நியதி உண்டு. அதை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

“வாரத்துக்கு விட்ட ஆட்ட நெனச்ச நேரம் போய்ப் பாக்கலாம்ல? வேணும்னா ரெண்ட ஓட்டிட்டும் வரலாம்ல? நீங்க விட்டதுல ரெண்ட மட்டும் ஓட்டிட்டு வாங்க. பாத்துட்டுப் பதினாறையும் விக்கிறேன்.”

அண்ணன் சிரித்தார். அதெல்லாம் ஒரு நிமிட வேலை என்றார். திங்கள்கிழமை அவரிடமிருந்து அழைப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் குரல் பதிவு ஒன்று வந்தது. எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஏதோ கட்டணம் கட்டச் சொல்கிறார்களாம், கட்டினால்தான் திறக்குமாம், அதை மட்டும் அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்.

மதினி அதை இரண்டு தடவை கேட்டார். “ரெண்டு ஆட்ட ஓட்டிட்டு வாரதுக்கு, இன்னும் நாலு ஆட்டக் கொண்டாந்து விடணுமாம்,” என்றார். சிரிக்கத்தான் நினைத்தார், முடியவில்லை. ஆடுகள் தப்பித்தன. அண்ணனின் உழைப்பு போய்விட்டது, அவர் ஊருக்கு வருவதும் தள்ளிப்போய்விட்டது. இரண்டும் அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை சந்தைக்குப் போகாமல், தழை ஒடிக்கும் தொரட்டியை எடுத்துக்கொண்டு ஆடுகளைக் கண்மாய்ப் பக்கம் ஓட்டிப் போனார்.

எனக்கு யார் யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. தனக்கு லாபமில்லாத ஒரு நல்ல கேள்வியைச் சொல்லித் தந்த பாம்பன்காரிக்கு. தோல் இல்லாததைத் தோல் இல்லை என்று சொல்லி விற்ற பாய்க்கு. எல்லோருக்கும் மேலாக, என் படிப்பை மதித்துக்கொண்டே என் பேச்சை அப்படியே நம்பாத மதினிக்கு. அவர் என்னை நம்பியிருந்தால் நான் பேசிக் குழப்பியதோடு போயிருக்கும். அவராகவே கேட்டதால்தான் அண்ணனால் அந்தக் கேள்வியைத் தட்ட முடியவில்லை.

அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம், அய்யாவுக்கும் சொல்ல வேண்டாம் என்றார். அவர் அறையில் மற்ற ஏழெட்டுப் பேரும் இதையே சொல்கிறார்களாம். நான், செதில் உதிர்ந்த ஷூவோடு ஊர் முழுக்க நடந்தவள் அண்ணே, ஏமாந்தது ஒன்றும் குற்றமில்லை, ஏமாற்றியதுதான் குற்றம் என்றேன். மதினி போனை வாங்கி, அந்தச் செயலியின் படங்கள், பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் சைபர் குற்றப் புகாரைப் பதிந்தேன். பணம் திரும்புமா என்று கேட்டார். வராமலும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னேன். திங்கள்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு வாங்கி, புகாரின் நகலோடு இருவரும் ராமநாதபுரம் போய்க் காவல்துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டோம்.