வெள்ளிக்கிழமை திறந்த டிஸ்க்

சில பேருக்கு ஒரு சாமான் ஓடினால் போதும், ஏன் ஓடுகிறது என்று தெரியவேண்டாம். விஜயராணி அந்த ரகம் இல்லை. மிக்ஸியில் புதுசாக ஒரு சத்தம் வந்தால் சட்னியை அப்படியே விட்டுவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் சுடலைக்கண்ணனின் கைக்கடிகாரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூடத் தெரியாமல் ஒரு தட்டில் பரப்பி அவன் முன்னால் வைத்தவள். "பொண்டாட்டி கேட்டேன், போலீஸ்காரியக் கட்டி வச்சிட்டாங்க" என்று அவன் மும்பைப் பக்கம் ஐரோலி ஐ.டி. பார்க்கில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவளுக்கு வேலை பஞ்சிங். எம்ப்ராய்டரி போடும் கம்ப்யூட்டர் மிஷினிடம் ஒரு பூவின் படத்தைக் காட்டினால் அதற்கு ஒரு இழவும் புரியாது. ஊசி எங்கே இறங்கணும், எந்தப் பக்கம் சாயணும், நூலை எங்கே அறுக்கணும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஃபைலைச் செய்வதுதான் பஞ்சிங். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரு கம்பெனியில் நூல் வெட்டப் போனவள், அங்கிருந்த டிசைனரின் தோளுக்குப் பின்னால் நின்று ஏன், ஏன் என்று கேட்டே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் தொல்லை பொறுக்காமல் ஒரு நாள் எழுந்து, "நீயே உக்காந்து பாரும்மா" என்று நாற்காலியைக் கொடுத்துவிட்டார்.

கம்பெனியில் பல வருஷம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் லோக்கல் ரயிலில் எதிரே நின்ற பெண்ணின் ரவிக்கைக் கையைப் பார்த்து விஜயராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் போட்ட கொடி! தன் டிசைனில் எங்காவது ஒரு இலையை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பது அவள் வழக்கம். அந்த இலையும் அங்கே திரும்பி உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்கே அவள் இன்னும் கொடுக்காத டிசைன் அது. யாரோ அவள் கம்ப்யூட்டரிலிருந்து உருவி சந்து சந்தாக விற்றுவிட்டார்கள். முதலாளியிடம் போய்க் கத்தினாள். "இதெல்லாம் சல்தா ஹை" என்று, சகஜம்தான் என்கிற பாவனையில் அவர் டீயை உறிஞ்சினார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு, தாராவியில் தான் குடியிருந்த மாடி வீட்டிலேயே கம்ப்யூட்டரைப் போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தாள்.

அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை. செய்த டிசைன் அத்தனையும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்குக்குள் போனது. கம்ப்யூட்டரில் வைக்கமாட்டாள், போனில் வைக்கமாட்டாள், இன்டர்நெட்டில் ஏற்றவேமாட்டாள். இன்னொரு நகல் எடுத்து வையேன் என்று சுடலைக்கண்ணன் சொன்னால், "ரெண்டு இருந்தா ரெண்டு இடத்துல களவு போகும்" என்பாள்.

கீழ்த்தளத்தில் ஜமாலின் தோல் கார்கானா. கைப்பைக்கும் பர்ஸுக்கும் தோல் வெட்டுகிற இடம். ஜமாலும் அவர் மனைவி ஷமீமாவும் கடையநல்லூர்க்காரர்கள், வீடு அடுத்த சந்தில். விஜயராணிக்கு டெங்கு வந்து படுத்தபோது தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள் ஷமீமா. அண்ணன் என்றும் மைனி என்றும் வாய் நிறையக் கூப்பிடுகிற உறவுதான். ஆனால் ஷமீமாவின் தம்பி எம்ப்ராய்டரி கார்கானா வைத்திருந்தான். அதனால் ஏணிப்படியில் அவள் காலடி கேட்டதுமே விஜயராணியின் கை தன்னால் போய் ஸ்கிரீனை மூடிவிடும். ஷமீமா ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு விஜயராணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கம்ப்யூட்டருக்கு, மவுஸுக்கு, கத்தரிக்கு, டிஸ்க்குக்கு. அன்றைக்கே கீழே ஜமாலுக்கு ஒரு பெரிய வெட்டு மிஷின் வந்து இறங்கியது. சந்துக்குள் வண்டி நுழையாமல், ஆட்கள் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். சுடலைக்கண்ணனும் போய்த் தள்ளிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சுண்டல் தின்றான்.

பூஜை முடிந்து மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தால் டிஸ்க் திறக்கவில்லை. விளக்கு எரிந்தது, ஸ்கிரீனில் பெயர் வந்தது, வந்த வேகத்தில் போனது. இரண்டாம் தரம் செருகியபோது, ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து வெறும் டப்பாவாக்குவது.

"செய்வியா நீ? செஞ்சு பாரு, கைய ஒடிக்கேன்" என்று ஸ்கிரீனைத் திட்டிவிட்டு, வேண்டாம் என்று அழுத்தினாள்.

சாயங்காலம் சுடலைக்கண்ணன் வந்து டிஸ்க்கைக் கையில் எடுத்தான். அதன் நடு மண்டையில் சந்தனமும் குங்குமமும் அழகாக இருந்தன.

"ஏட்டி, சாமிக்குப் பொட்டு வை, எனக்குக்கூட வை. கரண்ட் போற சாமானுக்கு எதுக்குட்டி பொட்டு? சந்தனம் உள்ள போயி அடைச்சிருக்கும்."

"ஓட்டையில வைக்கல. தலையிலதாம் வச்சேன்."

ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. காது குடையும் பஞ்சுக்குச்சியால் செருகுவாயைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை. கேபிளை மாற்றினாள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகிப் பார்த்தாள். சுடலைக்கண்ணன் கடன் வாங்கி வந்த லேப்டாப்பில் பார்த்தாள். எங்கே செருகினாலும் வருவதும் போவதுமாகவே இருந்தது.

"எங்க ஐ.டி. பார்க்குல சிஸ்டம் பாக்குற பையன்ட்ட குடுக்கேன்" என்றான் சுடலைக்கண்ணன்.

"குடுப்பீங்க. அவன் காப்பி எடுத்துட்டுத் தருவான்."

"செத்த பெட்டியக் காப்பி எடுத்து அவன் என்ன செய்யப்போறான்?"

"செத்திருந்தா எதுக்கு முழிச்சு முழிச்சுப் பாக்குது?"

அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. டிஸ்க்கின் மேல் விரலை வைத்தால் உள்ளே சுழல்வது தெரியும். பிறகு டக்கென்று ஒரு சத்தம், நின்றுவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி சுழலும். ஓடாத சாமானைப் பார்த்திருக்கிறாள், ஓடுகிற சாமானைப் பார்த்திருக்கிறாள். ஓட ஆசைப்பட்டு ஓடமுடியாமல் தவிக்கிற சாமானை இப்போதுதான் பார்க்கிறாள். பயத்துக்கு நடுவிலும், இது என்னடா கூத்து என்று ஒரு குறுகுறுப்பு அவளை விடவில்லை.

செம்பூரிலிருந்து வந்தனா போன் செய்தாள். புடவைக் கடை வைத்திருப்பவள். ஒரு கல்யாணத்துக்கு யானை வரிசை பார்டர் கேட்டிருந்தாள், அது முடிந்து டிஸ்க்குக்குள்தான் இருந்தது.

"சனிக்கிழமை கார்த்தால எனக்கு ஃபைல் வந்தாகணும் விஜயா. பொண்ணாத்துக்காரா தெனம் போன் பண்ணிண்டிருக்கா. முடியலேன்னா இப்பவே சொல்லிடு, நான் வேற எடத்துல பாத்துக்கறேன்."

"வந்துரும் மேடம்" என்று சொல்லிவிட்டாள். வேறு எங்கே பார்ப்பாள்? அந்தப் பழைய கம்பெனியில்தான். பழைய முதலாளியும் சும்மா இருக்கவில்லை, யார் சொன்னார்களோ, "திரும்பி வர்றதுன்னா வா, உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டிருந்தார். யானை போனால் இன்னொரு யானை வரையலாம். டிஸ்க் போனால் இத்தனை வருஷம் செய்த எல்லாம் போய், வெறுங்கையோடு அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. காலையிலிருந்து முயன்று தோற்று, மதியம் டிஸ்க்கை அப்படியே செருகி விட்டுவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என்னவோ குறைந்தமாதிரி இருந்தது. வெளியே பிள்ளைகள் கத்துகிறார்கள், எதிர்வீட்டில் டி.வி. அலறுகிறது, ஆனாலும் ஏதோ இல்லை. தாராவியில் சத்தம் ஆரம்பிப்பது யாருக்கும் கேட்காது, நிற்பதுதான் கேட்கும். கீழே ஜமாலின் மிஷின் நின்றிருந்தது. தீபாவளி ஆர்டர் என்று ராத்திரி பகலாக ஷிப்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜும்மா தொழுகைக்கு மட்டும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸ்கிரீனைப் பார்த்தாள். டிஸ்க் திறந்து கிடந்தது.

"எம்மா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். யானைகள், மாங்காய்கள், கொடிகள், எல்லாம் பேர் பேராக வரிசையில் நின்றன. ஏன் திறந்தது என்று யோசிக்கும் பொறுமைகூட இல்லாமல், ஆயுசில் முதல் தடவையாக, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் நகலெடுக்க அழுத்தினாள். யானை ஃபைல் முதலில் வந்து சேர்ந்தது. சரி, செம்பூர் தப்பித்தது. மற்றவை ஊர்ந்துகொண்டிருந்தபோது கீழே மிஷின் தொம் என்று இறங்கியது. டிஸ்க்கின் விளக்கு அணைந்தது. நகல் நின்றுவிட்டது.

அவள் அசையவில்லை. மேசைமேல் டீ கிளாஸ் இருந்தது. மிஷினின் ஒவ்வொரு தொம்முக்கும் டீயின் மேற்பரப்பில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. டீயைப் பார்த்தாள், டிஸ்க்கைப் பார்த்தாள், மறுபடி டீயைப் பார்த்தாள். இரும்புச் சட்டத்தில் பலகை போட்ட மாடி. அதிலே மேசை. மேசையிலே டிஸ்க். மெல்ல டிஸ்க்கைத் தூக்கி உள்ளங்கையில் ஏந்தினாள். விளக்கு எரிந்தது. பெயர் வந்தது. கை சற்றுத் தளர்ந்து மேசையில் பட்டதும் போய்விட்டது.

"அடப்பாவி, நீயா!" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ஒரு பக்கம் அழுகை வந்தது, இன்னொரு பக்கம் துள்ளிக் குதிக்கலாம்போல சந்தோஷமாக இருந்தது.

நகல் முடியும்வரை இப்படி ஏந்திக்கொண்டே இருக்க முடியாது. ஏணியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். ஜமாலின் சாப்பாட்டைக் கொண்டுவந்த ஷமீமாவும் அங்கே இருந்தாள். மூச்சிரைக்க, மிஷின் அதிருது, அதுல என் டிஸ்க் நின்னு போகுது என்று சொல்லத் தொடங்கியதுமே ஜமாலின் முகம் கறுத்துவிட்டது. மாடியிலிருந்து ஒரு புகார் வந்தாலும் மிஷினை எடுக்கவேண்டும் என்று இடத்துக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, சாயங்காலம் டெலிவரி. இப்பப் போயி இப்படிச் சொன்னா நான் என்ன செய்ய?" என்றார்.

"புகார் சொல்ல வரலண்ணே. கொஞ்ச நேரம் நிப்பாட்டுனா போதும். என் டிசைன் பூரா அதுலதாம் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

ஜமால் கடிகாரத்தைப் பார்த்தார். ஷமீமா அவரைப் பார்த்தாள்.

"உங்க டெலிவரி லேட்டானா நாலு ஏச்சு கிடைக்கும், வாங்கிக்கிடலாம். அவளுக்கு அது போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே போய் மெயினை இறக்கிவிட்டாள். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் டீ குடிக்க நகர்ந்தார்கள். ஜமால் தலையைச் சொறிந்துகொண்டு சாப்பாட்டைப் பிரித்தார்.

விஜயராணி மாடிக்கு ஓடிவந்து நகலெடுப்பை மறுபடி தொடங்கினாள். பின்னாலேயே ஏணிப்படியில் காலடி கேட்டது. பைக்குள்ளே வைத்துத் தைக்கிற ஃபோம் துண்டு ஒன்றோடு ஷமீமா ஏறிவந்துகொண்டிருந்தாள். விஜயராணியின் கை வழக்கம்போல ஸ்கிரீனை மூடப் போனது. பாதியில் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஷமீமா அருகில் வந்து நின்றாள். ஸ்கிரீனில் யானைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துப் போய்க்கொண்டிருந்தன. "அல்லா, எவ்வளவு அழகா இருக்கு ராணி! இதெல்லாம் நீயா செஞ்சே?" என்றாள். விஜயராணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் மிஷினைப் போடச் சொன்னார்கள். ஃபோமின் மேல் டிஸ்க்கை வைத்தாள், கீழே எத்தனை தொம் விழுந்தாலும் சொகுசாக ஓடியது. ஃபோமை உருவினாள், நின்றது. மறுபடி வைத்தாள், ஓடியது. மறுபடி உருவக் கை போனபோது ஷமீமா பிடித்துக்கொண்டாள்.

"இப்பதாம் உயிர் பிழைச்சிருக்கு, அதுக்குள்ள கொல்லப் பாக்கியே!"

ஞாயிற்றுக்கிழமை சுடலைக்கண்ணனைக் கிளப்பிக்கொண்டு போய் இன்னொரு டிஸ்க் வாங்கிவந்தாள். எல்லாவற்றையும் அதிலும் ஏற்றினாள். அதைப் பத்திரமாக எங்கே வைக்கப்போகிறாய், பீரோவிலா, அரிசி டின்னிலா என்று அவன் கிண்டல் செய்தான். அவள் அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனாள்.

ஷமீமா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். என்ன என்று கேட்டு, தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நான் மாடிக்கு வந்தாலே ஸ்கிரீன மூடுவே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா ராணி?"

"தெரிஞ்சும் ஏன் மைனி கேக்கல?"

"எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேக்க நீ ஒருத்தி போதாதா?" என்று சிரித்தாள் ஷமீமா. சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பீரோவைத் திறந்து, தன் மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் டிஸ்க்கை வைத்தாள். வைத்தவள், என்னவோ யோசித்துத் திரும்ப வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"பழசுக்குப் பொட்டு வச்சிருந்தியே. இதுக்கு ஏன் வைக்கல?"

"இல்ல மைனி... உங்க வீட்டுல இருக்கப்போகுதேன்னு..."

"போட்டி பைத்தியாரி. போய்க் குங்குமத்த எடுத்துட்டு வா" என்றாள் ஷமீமா. "வச்சபொறவு பூட்டுதேன்."