ஸ்டெப்புக்கு மார்க்

எங்கள் வீட்டில் கணக்கில் என்னைவிட மோசமான ஒரு பெரியவர் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அது அத்தை, அப்பாவின் தங்கை. ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு மேலே இருந்த எங்கள் வாடகை வீட்டில், கீழிருந்து ஏறிவரும் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அரசாங்க கிளார்க் பரீட்சைக்குப் படிப்பாள். பொது அறிவெல்லாம் தலைகீழ்ப் பாடம். கணக்கு மட்டும் எட்டிக்காய். ஒவ்வொரு முறையும் அதில்தான் கவிழ்வாள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வந்த அறிவிப்புதான் அவளுக்குக் கடைசி. அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். தென்காசியில், மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். வேலை கிடைத்தால் அத்தை எங்களோடு இருப்பாள், இல்லையென்றால் தென்காசி. அத்தை நேரே என்னிடம் வந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்டாள்.

முதல் நாளே தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாள். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்? அத்தை கண்ணை மூடி, "நாலரை மணிக்கூர்" என்றாள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கியிருந்தாள்.

"ஒத்தக் குழாயே மூணு மணிக்கூர்ல நெறச்சிருது. ரெண்டும் சேந்தா இன்னும் லேட்டாகுமா அத்தை?"

அத்தை சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. டீச்சராகிவிட்ட பிறகு சிரிக்கக் கூடாது.

மலையாளியான எங்கள் கணக்கு டீச்சரிடம் ஒரே கேள்விதான் உண்டு: "ஸ்டெப் எவிடே?" ஸ்டெப் எங்கே என்று. விடை சரியாக இருந்தாலும் ஸ்டெப் இல்லையென்றால் பாதி மார்க் போச்சு. விடை தவறினாலும் ஸ்டெப் இருந்தால் பாதி வந்துவிடும். உலகத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று நான் நம்பினேன். அதையே அத்தைக்கும் சட்டமாக்கினேன். முதல் குழாய் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எழுது. இரண்டாவது ஆறில் ஒரு பங்கு. எழுது. சேர்த்தால் பாதித் தொட்டி. ஒரு மணி நேரத்தில் பாதி என்றால் முழுதும் நிரம்ப இரண்டு மணி நேரம். விடைக்குக் கீழே இரண்டு கோடு போடு.

மனக்கணக்கில் தடுமாறிய அத்தை, எழுத ஆரம்பித்ததும் தவறவே இல்லை. ரயில், வட்டி, லாப நஷ்டம் எல்லாவற்றையும் படிப்படியாகப் போட்டு என் சிவப்புப் பென்சிலுக்காகக் காத்திருப்பாள். ஸ்டெப்பை விட்டால் விடை தப்பிவிடுகிறது என்பாள்.

"இதுல படிக்கியது ஆரு, படிப்பிக்கியது ஆருன்னே தெரியல்ல" என்று அம்மா கேலி செய்வாள். எனக்குப் பெருமை தலைக்கேறும்.

பரீட்சை அன்று அப்பாவும் நானும் வெளியே காத்திருந்தோம். அத்தை வந்ததும் அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"செஞ்சது எல்லாம் செரியாட்டு இருக்கும் அண்ணே" என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் நான் வினாத்தாளைப் பிடுங்கிக்கொண்டேன். ஓரமெல்லாம் அவள் கையெழுத்து, படிப்படியாக, இரண்டு கோடுகளோடு. ஒன்றுகூடத் தவறில்லை. அதற்கு அடுத்த பக்கங்கள் புத்தம் புதிதாக இருந்தன.

"இதெல்லாம் அத்தை?"

"நேரம் பத்தல்ல மக்ளே."

"அடுத்த தடவ வேகமா எழுதிரலாம்" என்றேன். அப்பா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

செய்த கணக்குகளுக்கெல்லாம் டிக் அடித்து, மேலே முழு மார்க் போட்டுக் கொடுத்தேன். அத்தை அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "ஸ்டெப்புக்கு மார்க் போட நீ ஒருத்தி இருக்கியே, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

பல வருஷம் கழித்து நானும் அதே பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தேன். விடை வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், மெஷின் அதை மட்டும் படிக்கும், அவ்வளவுதான். ஸ்டெப்பை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அன்று ஹாலில் கொஞ்ச நேரம் எனக்குக் கேள்வியே கண்ணில் தெரியவில்லை. அத்தனை முறை எழுதிய அத்தைக்கு இது முன்பே தெரியும். தெரிந்துதான் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு கோடு போட்டிருக்கிறாள். நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அந்தக் கடைசிப் பரீட்சைக்குப் பிறகு நடந்த அத்தையின் கல்யாணத்தில் நான் பட்டுப்பாவாடை சரசரக்க, வந்தவர்களிடமெல்லாம் எங்கள் அத்தை கணக்கில் முழு மார்க் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மணவறைக்கே போய் தென்காசி மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், "அப்படியா" என்று சிரித்தார். பக்கத்தில் அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.