போர்மேன் ரத்தினசாமியின் பச்சை முகம்

தாயில்பட்டிக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ரத்தினசாமி போர்மேன். பத்தொன்பது வயசில் திரி வெட்டச் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்திமூன்று. கடைசி ஷெட்டில் நின்று அவர் பேசினால் கேட்டுக்கு வெளியே நிற்கிற வேன் டிரைவர் பதில் சொல்வார். அது கோபமில்லை, குரலே அப்படித்தான் என்பாள் அவர் மனைவி மாடத்தி. வேலையாட்களுக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டதில்லை.

2008 ஆடி மாசம், தீபாவளி லோடு ஏற ஆரம்பித்த நேரம். முதலாளி மகன் ஹரிஷ்குமார் சென்னையிலிருந்து ஒரு திட்டத்தோடு வந்தார். ஐம்பது தாண்டிய எல்லாரும் ஆபீசில் இருக்கும் மெஷினில் தினமும் பிரஷர் பார்த்து, அதை ஒரு வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடையும் ஏற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தால் திரையில் ஒரு பச்சை முகம் சிரிக்கும். கூடினால் சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கும்.

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் செல்வலட்சுமிதான் எல்லாருக்கும் ஏற்றிக் கொடுத்தாள். முதல் நாளே ரத்தினசாமிக்கு நூற்று அறுபதுக்கு மேல். சிவப்பு முகம் பிதுக்கியது.

"அண்ணாச்சி, டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க."

"மெஷினு புதுசு தாயி. பழகட்டும்" என்றார்.

அடுத்த வாரம் செல்வலட்சுமி தன் அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டாள். போகும்போது ரத்தினசாமிக்குப் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். போர்மேனே விட்டால் நல்லாவா இருக்கும் என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். எழுத்து விழவில்லை, புள்ளி புள்ளியாக விழுந்தது. சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தமாகத் தட்டினார். நாலாவது தடவை வெப்சைட் கதவை அடைத்துக்கொண்டது.

வாட்ச்மேன் பெத்தணன் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒடிசலான மனுசன், யாரையும் அதட்டியறியாதவர். மறுநாள் காலை டூட்டி முடிந்ததும் செல்வலட்சுமி சொல்லிக்கொடுத்தபடியே தன் பிரஷரையும் எடையையும் ஏற்றியவர், பக்கத்தை மூடத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்து பார்த்த ரத்தினசாமி, "கதவு தெறந்துதான கெடக்கு" என்று தன் பிரஷரையும் எடையையும் அதிலேயே ஏற்றினார். வாரம் பூராவும் காலையில் பெத்தணன், சாயங்காலம் ரத்தினசாமி. சனிக்கிழமை வெப்சைட் ரெண்டையும் கூட்டி, வகுத்து, நூற்று முப்பத்தொன்று என்று சராசரி சொன்னது. பச்சை முகம் சிரித்தது.

ரத்தினசாமிக்கு மனசு நிறைந்துவிட்டது. ஏழாயிரம்பண்ணை சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். "மெஷினு இப்பத்தான் பழகியிருக்கு" என்றார் மாடத்தியிடம்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன் வந்தது. வெப்சைட்காரர்களின் நர்ஸ், பெயர் கீர்த்திகா.

"பெத்தணன் சாரா?"

பெத்தணன் தூங்கப் போயிருந்தார். பச்சை முகத்துக்குப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ரத்தினசாமி, "ஆமா, சொல்லுங்க" என்றார்.

"போன செவ்வாய்க்கிழமை காலைல உங்க எடை நாப்பத்தேழு கிலோ. சாயங்காலம் எண்பத்தொம்போது. நடுவுல என்ன சார் சாப்பிட்டீங்க?"

ரத்தினசாமி கொஞ்சம் யோசித்தார். "மதியம் ஒரு கல்யாண வீடும்மா" என்றார்.

கீர்த்திகா சிரித்த சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக அவரிடமிருந்து உண்மையை வாங்கினாள்.

"சார், அதுல சாயங்காலத்து ஆளு நீங்களா?"

"நாந்தாம்மா."

அவள் குரல் மாறிவிட்டது. "அவர் பிரஷரையும் உங்களோடதையும் கூட்டி வகுத்தா உங்களுக்குக் கொறைஞ்சிடாது சார். உங்களுக்கு ரொம்ப அதிகமா இருக்கு. நாளைக்கே டாக்டரப் பாருங்க."

அதை அவர் மாடத்தியிடம் சொல்லவில்லை. லீவு முடிந்து வந்து விவரம் தெரிந்துகொண்ட செல்வலட்சுமி சொன்னாள். மாடத்தி கருவாட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரை விருதுநகருக்கு இழுத்துப்போனாள்.

"இத்தனை நாள் தலை சுத்தலியா?" என்று டாக்டர் கேட்டார்.

"சுத்தும். சீசன்ல எல்லாருக்கும் சுத்தும்னு நெனச்சேன்" என்றார் ரத்தினசாமி. டாக்டர் மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார்.

புதுப் பாஸ்வேர்டு வந்தது. பக்கத்தை மூடும் விதத்தைச் செல்வலட்சுமி பெத்தணனுக்கு மூன்று தடவை செய்து காட்டினாள். ரெண்டு பேர் அளவையும் தனியாகப் பிரித்தபோதுதான் பெத்தணனுக்குப் பிரஷர் கம்மி என்பது தெரிந்தது. கீர்த்திகா அவருக்கும் போன் போட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். ஐம்பத்தெட்டு வருசத்தில் தன் உடம்பைப் பற்றி ஒருத்தி போனில் விசாரித்ததை அவர் கேட்டுக்கு வந்த லாரிக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார்.

ரத்தினசாமிக்கு மாத்திரை கஷ்டமாக இல்லை, உப்புக் குறைந்த குழம்பும் பழகிவிட்டது. அந்த வெப்சைட் போட்ட இன்னொரு சட்டம்தான் கஷ்டம். பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிசம் காலைக் கீழே ஊன்றி, வாய் திறக்காமல் உட்கார வேண்டும். தினமும் சாயங்காலம் நாலரைக்கு அவர் ஆபீஸ் நாற்காலியில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்காருவார். பிரஷர் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கப் புரட்டாசி ஆயிற்று. அதற்குள், அந்த ஐந்து நிமிசத்தில் மட்டும் ஆபீசில் ஏதாவது வேலை இருக்கிறதென்று நாலு ஷெட்டிலிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது.