எட்டு மணிக்குச் சொன்ன தப்பு

லிப்ட் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தொரு வயது, லிப்ட் கம்பெனியில் பதினேழு வருட மெக்கானிக். இடுப்பில் டூல்ஸ் பெல்ட், தோளில் மீட்டர் வைத்த பை, காதில் ஒரு பென்சில். மொட்டைமாடி மோட்டார் ரூமுக்கு ஏறிக்கொண்டிருப்பவரை நிறுத்தி, "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்று அவரிடமே கேட்ட வாட்ச்மேன்கள் ஒரு டஜன் தேறுவார்கள். "வந்தாச்சு, வழிய விடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தன் பாட்டுக்குப் போவார்.

கம்பெனி வருடத்துக்கு ஒருவரை வெளிநாட்டில் இருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு நாலு மாதப் பயிற்சிக்கு அனுப்பும். அந்த வருடம் மீசை அண்ணன்தான் போவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், மீசை அண்ணன் உள்பட. இருபத்திரண்டு வருட சர்வீஸ். எந்த லிப்டைத் தொடுவதற்கு முன்னாலும் மீசையை ஒரு தரம் முறுக்கிக்கொள்வார். பாதி லிப்ட் அதைப் பார்த்தே ஓடிவிடும் என்பது அவர் கட்சி. ஆனால் வயரிங் படத்தைப் பார்த்து விளக்கும் தேர்வில் அக்கா முந்திவிட்டார்.

வீட்டில் மாமியார் பிடித்துக்கொண்டார். "பத்தாவது படிக்கிற புள்ளைய விட்டுட்டு நாலு மாசமா? ஊரு என்ன பேசும்?"

பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் சிரித்தார். "ஊர் வாய மூட உலைமூடி ஏதும்மா? அவ போயிட்டு வரட்டும். நாலு மாசம் நான் சமைச்சா செத்தா போயிடுவீங்க?"

"அதான் பயமா இருக்கு" என்றார் மாமியார்.

போன இடத்தில் அக்காவின் சாமர்த்தியம் முதல் வாரம் எடுபடவில்லை. ஷாம்பு என்று வாங்கி வந்தது துணி துவைக்கிற திரவம் என்பது ஏழு நாள் தலைக்குத் தேய்த்த பிறகுதான் தெரிந்தது. தவறான பஸ்ஸில் ஏறி, கேட்க வெட்கப்பட்டுக் கடைசி நிறுத்தம் வரை போய், குளிரில் ஒரு மணி நேரம் நடந்து திரும்பினார். அன்றைக்கு அவருக்கு ஒன்று புரிந்தது, கேட்டால் வாய் ஒன்றும் தேய்ந்துவிடாது. மறுநாளிலிருந்து அரைகுறை இங்கிலீஷில் கண்ணில் பட்டவரை எல்லாம் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்.

ஒர்க்‌ஷாப்பின் தலைவி முப்பது வயதுகூட ஆகாத பெண். ஓயாத ஜலதோஷம், அதனால் அக்கா மனசுக்குள் அவளுக்கு வைத்த பெயர் தும்மல்காரி. காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நிற்பார்கள். நேற்றுத் தன்னால் என்ன தப்பு நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலில் தலைவி. "ரெண்டு பேரை வேற கட்டடத்துக்கு அனுப்பிட்டேன். அவங்களுக்குக் காலை வேலையே வீண்" என்று தும்மலுக்கு நடுவே சொன்னாள். இப்படிச் சொல்லிக்கொண்டால் இவளை எவன் மதிப்பான் என்று அக்காவுக்குத் தோன்றியது. இது தப்பு செய்த ஆளைப் பிடிக்கிற தந்திரம் என்றும் தோன்றியது. அதனால் தன் முறை வரும்போதெல்லாம் "ஒன்றுமில்லை" என்றார். மூன்று வாரம், தினமும், உலகத்தின் ஒரே யோக்கியர் போல நின்றார்.

நாலாவது வாரம் ஒரு பிளக்கை மாற்றிச் செருகி, ஒரு சர்க்யூட் போர்டைக் கருக்கினார். யாரும் பார்க்கவில்லை. போர்டைப் பையின் அடியில் போட்டு அறைக்குக் கொண்டு போனார். சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை அதை எடுத்து மேசைமேல் வைத்தார். தும்மல்காரி போர்டைத் திருப்பிப் பார்த்தாள். "எப்படி ஆச்சு?" என்றாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அக்கா காட்டினார். மதியத்துக்குள் ஒர்க்‌ஷாப்பில் இருந்த அத்தனை பிளக் ஜோடியிலும் ஒன்றுக்கு மஞ்சள் டேப் ஒட்டியாகிவிட்டது. அவ்வளவுதான். அக்கா பாத்ரூமுக்குப் போய் அழுதார். பதினேழு வருடத்தில் திட்டுக்குப் பயந்து எத்தனை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்து அழுதார்.

இன்னொன்றையும் அங்கே கற்றார். லிப்ட் கதவின் பூட்டுச் சரியாக விழுந்தால்தான் லிப்ட் நகரும். பழுது பார்க்கும்போது மட்டும் அந்தப் பூட்டை ஏமாற்ற ஒரு ஜம்பர் வயரை மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் கிளம்பிவிடும். கால் வைத்தவர் கதி அதோகதி. அதனால் அங்கே ஆளுக்கு ஒரே ஒரு ஜம்பர், ஒரு மீட்டர் நீளம், ரத்தச் சிவப்பு, எண் போட்டது. சாயங்காலம் அது சுவர்க் கொக்கியில் தொங்கவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஊர் திரும்பிய அக்காவை மேனேஜர் அணித் தலைவர் ஆக்கினார். ஆறு மாதம் சோதனை, பிறகுதான் நிரந்தரம். கையில் கிடைத்தது ஏழு ஆண்கள், நெல்லிக்காய் மூட்டை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் துண்டு வயர்கள் கிடந்தன. அவைதான் அவர்களுடைய ஜம்பர். அக்கா அவற்றைக் குப்பையில் போடச் சொல்லி, சிவப்பு வயர் கொடுத்து, ஒர்க்‌ஷாப் சுவரில் எட்டுக் கொக்கி அடித்தார். எட்டு மணி மேசையையும் தொடங்கினார். முதல் ஆளாகத் தன் தப்பைச் சொல்வார். அடுத்தது மீசை அண்ணன்.

"தப்பா? நேத்து டீயில சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போச்சும்மா" என்பார்.

மற்ற ஆறு பேரும் சிரிப்பார்கள். ஐந்து மாதம் அந்த மேசையில் சர்க்கரை, செருப்பு வார், பஸ் லேட் தவிர வேறு தப்பே நடக்கவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் உச்சியில் அக்கா தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். சிவப்பு வயர் கீழே ஸ்கூட்டரில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை, பன்னிரண்டு மாடி இறங்கி ஏற வேண்டும், முட்டி வலி. தரையில் கிடந்த துண்டு வயரை எடுத்து மாட்டினார். வேலை முடிந்தது, கிளம்பிவிட்டார். சாயங்காலம் வீட்டில் மகளுக்குப் பின்னல் போடும்போது கை அப்படியே நின்றது.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, "லிப்ட ஆஃப் பண்ணுங்க, யாரையும் ஏத்தாதீங்க" என்றார். கணவர் வண்டியை விரட்டினார். வயர் மாட்டிய இடத்திலேயே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினால் அது வேலியே பயிரை மேய்ந்த கதைதானே.

"யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார் கணவர் மெதுவாக. "மூணு வாரத்துல நிரந்தரம் ஆயிடும்."

"எனக்குத் தெரியுமே" என்றார் அக்கா.

மறுநாள் எட்டு மணிக்கு அந்தத் துண்டு வயரை மேசைமேல் வைத்து, ஒன்று விடாமல் சொன்னார். சிவப்பு வயரை ஏன் எடுக்கவில்லை என்பதையும் சொன்னார். மீசை அண்ணன் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததை கம்பெனியின் வேலை ரிஜிஸ்டரிலும் எழுதினார்.

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். "இதப் போயி ஏம்மா எழுதினீங்க? மேலிடம் பார்த்தா என்ன ஆகும்? அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"கிழிக்க மாட்டேன் சார்."

"அப்போ உங்க நிரந்தரத்துக்கு நான் பொறுப்பு இல்ல."

"சரி சார்" என்று வந்துவிட்டார். வாய்தான் சரி என்றது. மீசை அண்ணன் அணித் தலைவர் நாற்காலியில் உட்காருவதைக் கற்பனை செய்து பார்த்தார். பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அடுத்த நாளும் எட்டு மணிக்கு மேசையருகே நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் மீசை அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"குழந்தைங்க ஆஸ்பத்திரி, ரெண்டாவது லிப்ட்" என்றார். "மூணாவது மாடிக் கதவுப் பூட்டு தேஞ்சு போச்சு. ஸ்பேர் வரல. லிப்ட நிறுத்தினா டாக்டருங்க கத்துவாங்கன்னு வயரைப் போட்டு ஓட்டிவிட்டேன். இருபது நாள் ஆச்சு. தினமும் பேப்பர்ல அந்த ஆஸ்பத்திரி பேரு வந்திருக்கான்னு பார்க்கறேம்மா."

அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு லிப்டை நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரை வேறு கிளைக்கு ஸ்பேருக்கு விரட்டினார். மீசை அண்ணனைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது மாடியில், ஊசி குத்திய கையில் பிளாஸ்திரியோடு குழந்தைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, இருவரும் சேர்ந்து புதுப் பூட்டை மாட்டினார்கள். மீசையை முறுக்க அன்று அவருக்குக் கை வரவில்லை.

"எப்படிண்ணே ஆச்சு?" என்று அக்கா கேட்டது திரும்பும் வழியில்தான். ஸ்பேர் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்ததாகவும், மேனேஜர் அறை மேசையிலேயே அது கிடப்பதாகவும் அவர் சொன்னார். அதையும் அக்கா ரிஜிஸ்டரில் எழுதினார்.

மறுநாள் எட்டு மணிக்கு மேசையில் டீக் கதை ஒன்றுகூட வரவில்லை. ஒருவர் பிரேக் அளவை எடுக்காமலே எழுதியதைச் சொன்னார். இன்னொருவர் எண்ணெய் மாற்றாத லிப்டைச் சொன்னார். ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. வழக்கமான பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாக நீண்டது. அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். பெருமையில் அவருக்குக் கண் நிறைந்தது. யார் பார்த்தால் என்ன என்று துடைக்கவும் இல்லை.

அப்போது கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் அவர் வந்ததே நாலைந்து தடவைதான். கையில் தூசி படிந்த மூன்று ஸ்பேர் சீட்டு. அவற்றோடு கையெழுத்துப் போட்ட அக்காவின் நிரந்தரக் கடிதம். எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நான் ரெண்டு தப்பு பண்ணேன்."

மீசை அண்ணன் சற்று நகர்ந்து, மேசையருகே அவருக்கு இடம் விட்டார்.