அந்தப் பாட்டின் முதல் நாலு வரி

போன சனிக்கிழமை மத்தியானம். நகரத்துக்கு வெளியே, அம்மருட் என்ற புறநகரில் எங்கள் வீடு. என் மகள் யாழினி, பதினாறு வயது, அறைக்குள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். கிரஞ்ச் ராக்! தொண்ணூறுகளின் சங்கதி... கிழிந்த ஜீன்ஸ், கரகரக்கும் கிட்டார், தொண்டை வெடிக்கிற கத்தல்.

சத்தம் பழகிவிடும். சொற்கள்?

'விளக்கை அணைக்கவில்லை. கதவைப் பூட்டவில்லை. களைத்துவிட்டேன். என்னைத் தேடாதே.'

தட்டாமலே உள்ளே போனேன்.

"பிள்ளை, உனக்கு என்ன நடந்தது? அம்மாட்டைச் சொல்லு."

"எனக்கு ஒண்டுமில்லை அம்மா. இது பாடகர் தன்ர சிநேகிதனைப் பற்றி எழுதினது. அவன் எழுதி வைச்சிட்டுப் போன கடிதம்தான் முதல் நாலு வரி. பிறகு கத்துறது பாடகர். 'நில்லு, நான் வாறன்' எண்டு தேடி ஓடுறார்."

அட, நான் வெறும் கூச்சல் என்று நினைத்தது ஒரு கூப்பிடுதலா? மூச்சு வந்தது. அரை நிமிஷம்தான்.

"ஆனா அம்மா..." போனை நீட்டினாள். "இங்கிரிட் காலமை அந்த நாலு வரியை மட்டும் அனுப்பினவள். என்ன நினைச்சு அனுப்பினவள் எண்டுதான் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாக்கிறன். கோல் எடுக்கிறாளில்லை."

இங்கிரிட் அவளுடைய வகுப்புத் தோழி. வீடு ஸ்டோவ்னரில். அவளின் தாயைப் போனில் அழைத்தேன். நகரத்தில் வேலையில் நின்றார். "நீங்கள்தான் கிட்ட இருக்கிறீர்கள், ஓடுங்கள்" என்றார்.

டி-பானா ரயிலில் நாலே நிறுத்தம். ஒவ்வொன்றிலும் கதவு திறந்து மூட ஒரு யுகம். யாழினி என் விரல்களை நெரித்தபடி இருந்தாள்.

ஐந்தாம் மாடி. மணி அடித்தோம். பதிலில்லை. மறுபடியும்... இல்லை. யாழினி கதவில் அறைந்து அழுதாள். நான் மணியை விடாமல் அடித்தேன்.

உள்ளே காலடிச் சத்தம்.

கதவு திறந்தது. வீங்கிய கண்களோடு இங்கிரிட். யாழினியின் தோளில் சாய்ந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நானும் போய் இருவரையும் கட்டிக்கொண்டேன்.

தாய் வந்ததும் டொக்டரிடம் கூட்டிப் போனார். இப்போது சிகிச்சை நடக்கிறது. நேற்று கொஞ்சம் சிரித்தாளாம்.

அன்று வீடு திரும்பும்போது மகளிடம் கேட்டேன்: "காலமையே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, அவளோட சேராதை எண்டு சொல்லுவீங்கள் எண்டு பயந்தனான்."

அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்று வாயெடுத்தேன்... சொல்லித்தான் இருப்பேன்.